தேடப்பட்ட குரல்

இன்றைய துருக்கியில் ஜெம் கராஜாவின் பாட்டைக் கேட்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. இஸ்தான்புல்லின் பேயோலு பகுதியில் சாயங்காலம் நடந்தால், ஏதாவதொரு மதுக்கூடத்தின் மாடியிலிருந்து கிதாரும் கையுமாக ஓர் இளைஞன் அவர் பாட்டை எடுத்துவிட்டுக்கொண்டிருப்பான். பல்லவி வந்ததும் கூட்டம் பிடித்துக்கொள்ளும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் கனத்த குரல்காரர்கள் தங்கள் கனத்தைக் காட்ட எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அவர் பாட்டைத்தான். அவர் வளர்ந்த பகிர்கோய் பகுதியில் அவர் பெயரில் ஒரு பண்பாட்டு மையம் இருக்கிறது. 2024இல் அவர் வாழ்க்கை முழுநீளத் திரைப்படமாகவும் வந்துவிட்டது.

1980களின் தொடக்கத்தில் இதே குரலுக்குக் கிடைத்த மரியாதை வேறு. இராணுவ அரசு அவரைத் தேடப்படுபவராக்கியது. ஊருக்கு வந்து சரணடையச் சொன்னது. அவர் வராமல் போனதும், இந்த ஆள் துருக்கியரே அல்ல என்று குடியுரிமையைப் பறித்தது. போலீஸ் சோதனைக்குப் பயந்து, வீட்டிலிருந்த புத்தகங்களை அடுப்பில் போட்டவர்களும் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தவர்களும் ஏராளமாக இருந்த காலம் அது. அவருடைய சில இசைத்தட்டுகளை அலமாரியில் வைத்திருப்பதே வம்பு.

இரண்டு காலத்துக்கும் நடுவில் பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதே தட்டு, அதே முழக்கம், ர-வை உருட்டிச் சொல்லும் அதே உச்சரிப்பு. பாடியவர் மாறினார், நாடு மாறியது, கேட்கும் காது மாறியது. இந்த மூன்றும் ஒரே வேகத்தில் மாறவில்லை என்பதில்தான் அவருடைய கதையின் சுவையும் சோகமும் இருக்கின்றன.

ஜெம் கராஜா 1945 ஏப்ரல் 5 அன்று இஸ்தான்புல்லில் பிறந்தார். அப்பா மெஹ்மெத் கராஜா அஜர்பைஜான் வழிவந்த நாடக நடிகர். அம்மா தோத்தோ கராஜா, இயற்பெயர் இர்மா ஃபெலேக்யான், ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து மேடையிலும் சினிமாவிலும் பெயர்பெற்ற நடிகை. வீடு முழுக்க நாடகம். பிள்ளை படித்ததோ போஸ்ஃபரஸ் கரையில் அமெரிக்கர்கள் தொடங்கிய ராபர்ட் கல்லூரியில். இஸ்தான்புல் மேட்டுக்குடிப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசி, எல்விஸ் பிரெஸ்லியைக் கேட்டு வளர்ந்த இடம் அது. இவரும் அப்படித்தான் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் டினாமிக்லெர், ஜகுவார்லார் என்று பெயர்வைத்துக்கொண்ட குழுக்களில் அமெரிக்க ராக் பாட்டுகளை அப்படியே பாடிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டில் இரண்டு நடிகர்கள் இருக்க, மூன்றாமவர் கூத்தடிக்கிறார் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த வீடு அவருக்குக் கொடுத்த சொத்து பெரிது. ராக் பாடகர்களில் இவ்வளவு தெளிவாகச் சொல்லை உச்சரிப்பவர் குறைவு. எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்திப் பேச்சாக்குவது, எங்கே ஒரு வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது என்பதெல்லாம் பாட்டு வாத்தியாரிடம் கற்றது அல்ல. பாடும்போது அவர் நடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆள் தெரிவார்.

திருப்பம் வந்தது கட்டாய இராணுவ சேவையில். 1960களின் நடுவில் சிரியா எல்லையை ஒட்டிய அந்தாக்யாவுக்கு அனுப்பப்பட்டார். சாஸ் என்ற நீண்ட கழுத்துக் கம்பி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடும் 'ஆஷிக்' மரபை அவர் நெருக்கமாக அறிந்தது அங்கேதான். இஸ்தான்புல் பிள்ளைகளுக்கு, நாட்டின் ஆசியப் பகுதியான அனதோலியா என்பது அதுவரை பாடப்புத்தகத்துச் சங்கதி. அங்கிருந்து திரும்பியவர் எல்விஸை விட்டுவிட்டார்.

சரியான நேரமும் வாய்த்தது. ஹுரியெத் நாளிதழ் 1965இல் 'தங்க மைக்ரோஃபோன்' என்ற போட்டியைத் தொடங்கியிருந்தது. மேற்கத்திய வாத்தியங்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டு துருக்கி மொழியில் இருக்க வேண்டும், நாட்டுப்பாடலை எடுத்தும் செய்யலாம். அதற்கு முன்னால் அங்கே ஓடிக்கொண்டிருந்தது 'அரான்ஷ்மான்' பாணி, அதாவது பிரெஞ்சு, இத்தாலி, அமெரிக்க மெட்டுக்குத் துருக்கி வார்த்தைகளைப் போடுவது. ஒரு பத்திரிகையின் விற்பனை உத்தி ஒரு நாட்டின் இசைப் போக்கையே திருப்பிவிட்டது என்றால் மிகையில்லை. 1967இல் அபாஷ்லார் குழுவோடு போட்டிக்குப் போன கராஜா, 19ஆம் நூற்றாண்டு ஆஷிக் கவிஞர் எர்சுரூம்லு எம்ராவின் கவிதைக்கு மெட்டமைத்துப் பாடி இரண்டாம் இடம் வாங்கினார். முதலிடம் யாருக்கு என்பது இன்று ஆராய்ச்சியாளர்களுக்கே தேவைப்படும் தகவல்.

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஃபெர்டி க்ளைன் இசைக்குழுவோடு பதிவுசெய்த 'ரெசிம்தேகி கோஸ்யாஷ்லாரி' (படத்தில் உள்ள கண்ணீர்) அவரை நட்சத்திரமாக்கியது. அது காதல் சோகப் பாட்டு. அரசியல் ஒரு துளி இல்லை. இன்றும் கல்யாண வீட்டிலிருந்து கரோக்கி கடைவரை அதிகம் பாடப்படுவது இதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும்.

அதன் பிறகு அவர் குழு மாற்றிய வேகத்தில் எழுதினால் இது பெயர்ப்பட்டியல் ஆகிவிடும். 1969இல் கர்தாஷ்லார், 1972இல் மோகொல்லார், 1974இல் தெர்விஷான், 1978இல் எதிர்தஹான். ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் இடதுபக்கம் ஒரு படி நகர்ந்தார். 1970இல் பாடிய 'ததாலோலு', நாடோடி இனக்குழுக்களை ஓரிடத்தில் குடியமர்த்த வந்த ஒட்டமான் படையை எதிர்த்த கவிஞருடைய பாட்டு. கவிஞர் 19ஆம் நூற்றாண்டுக்காரர். கேட்டவர்கள் 1970களின் மாணவர்கள். பழைய கவிதையைப் பாடினால் தணிக்கை அதிகாரி என்ன செய்வார்? அந்தச் சௌகரியம் கொஞ்ச காலம் ஓடியது. 1971 மார்ச்சில் இராணுவம் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தாலேயே அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு மே மாதம் மாணவர் தலைவர் தெனிஸ் கெஸ்மிஷும் தோழர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு பழைய கவிஞர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவது போதவில்லை.

1975இல் 'தாமிர்ஜி சிராயி' வந்தது. சொல்லும் மெட்டும் அவருடையவை. மெக்கானிக் ஷெட்டில் எடுபிடியாக இருக்கும் ஒரு பையனைப் பற்றிய கதைப்பாட்டு. பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி ரிப்பேருக்குக் காரைக் கொண்டுவருகிறாள். பையன் ஒரு நாவல் படித்திருக்கிறான். அதில் இந்த மாதிரிக் காதல் கைகூடுகிறது. கார் தயாராகி அவள் எடுத்துப்போக வரும் நாளில் கிரீஸ் படிந்த உடுப்பைக் கழற்றிவைத்து, நல்ல துணி உடுத்தி, தலையைச் சீவிக்கொண்டு நிற்கிறான். அவள் பார்த்த ஒரு பார்வையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கார் புகை விட்டுக்கொண்டு போகிறது. ஷெட் முதலாளி வந்து முதுகில் தட்டி, படித்ததை மறக்கச் சொல்லி, மறுபடி வேலை உடுப்பை மாட்டச் சொல்கிறார்.

இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியவர் அந்த முதலாளி. அவர் வில்லன் அல்ல. பையனை அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. அவரும் ஒரு காலத்தில் எடுபிடியாக இருந்து அதே நாவலைப் படித்திருக்கக்கூடும். கராஜா அந்த இடத்தில் குரலை மாற்றுகிறார். அதுவரை பையனின் நெஞ்சு படபடக்கப் பாடியவர், வயதான ஒருவரின் அலுப்போடு பேசுகிறார். அந்த அறிவுரை தோல்வியா, வர்க்க உணர்வின் முதல் பாடமா என்று துருக்கியில் இன்னும் விவாதிக்கிறார்கள். அன்றைய தொழிற்சங்கக் கூட்டத்தில் அது இரண்டாவது பொருளில் கைதட்டல் வாங்கியது. இன்றைய மதுக்கூடத்தில் முதல் பொருளில் கண் கலங்கவைக்கிறது. ஒரே பாட்டு. என் கணக்கில் அவர் எழுதியதிலேயே ஆகச் சிறந்தது.

அப்போது ஒரு பாட்டு மக்களிடம் போய்ச் சேர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். 1964இல் அமைக்கப்பட்ட அரசு ஒலிபரப்பு நிறுவனமான டிஆர்டியிடம்தான் வானொலியும், 1968 முதல் தொலைக்காட்சியும் இருந்தன. தனியார் ஒலிபரப்பு கிடையாது. பாட்டு வானலையில் ஏற வேண்டுமென்றால் தணிக்கைக் குழு சொல்லையும் மெட்டையும் கேட்டு ஒப்புதல் தர வேண்டும். அரசியல் பாட்டு போகாது. மின் கிதாரில் நாட்டுப்பாடலை வாசித்தால் மரபைக் கெடுத்ததாகக் குற்றம். அரபு சாயல் இருந்தால் அதற்கும் தடை. ஆகவே கராஜா போன்றவர்கள் நம்பியது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டுகளை. ஒரு பக்கம் ஒரு பாட்டு, மறுபக்கம் இன்னொன்று. இஸ்தான்புல்லின் உன்கபானி சந்தைக் கட்டடத்தில் வரிசையாக இருந்த கம்பெனிகள் அவற்றை நாடெங்கும் அனுப்பின. மற்றபடி ஊர் ஊராகப் போய் சினிமாக் கொட்டகையிலும் விளையாட்டு அரங்கிலும் கச்சேரி. டிஆர்டியின் கதவு மூடியிருந்ததால் மக்களை நேரில் பார்த்தே தீரவேண்டிய கட்டாயம் அவருக்கு. அவருடைய மேடைப் பலம் அப்படி வளர்ந்தது என்று சொன்னால் தணிக்கைக் குழுவுக்கு நன்றி சொல்வதுபோல் ஆகிவிடும், ஆனாலும் உண்மை.

1977இல் வந்த தட்டு அவரைத் திரும்பிவர முடியாத இடத்துக்குக் கொண்டுபோனது. 'பிர் மாயிஸ்', அதாவது மே ஒன்று. பாட்டு அவருடையது அல்ல. பிரெக்டின் 'தாய்' நாடகத்தை அங்காரா கலை நாடகக் குழு மேடையேற்றியபோது, 1974இல் சார்பெர் ஓஸ்சான் என்ற இசையமைப்பாளர் எழுதிய அணிவகுப்புப் பாட்டு. கராஜா அதை எடுத்துத் தெர்விஷான் குழுவோடு பதிவுசெய்தார். அதே 1977 மே தினத்தில் இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்தில் இலட்சக்கணக்கில் தொழிலாளர்கள் கூடியிருந்தபோது சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. கூட்ட நெரிசலிலும் குண்டுகளிலும் 34 பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் யார் என்று எந்த நீதிமன்றமும் முடிவாகச் சொல்லவில்லை. வழக்கு காலாவதி ஆனது. அந்தப் பாட்டு அன்றுமுதல் வெறும் அணிவகுப்புப் பாட்டாக இல்லை.

அடுத்த ஆண்டு எதிர்தஹான் குழுவோடு 'சாஃபினாஸ்' என்ற ராக் இசைநாடகம். ஏழைப் பெண் ஒருத்தியின் கதை, எல்.பி. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். இசையாகப் பார்த்தால் அவருடைய துணிச்சலான முயற்சி. கேட்கத்தான் ஆள் குறைந்துகொண்டிருந்தது. இடதுக்கும் வலதுக்கும் நடந்த தெருச் சண்டையில் 1970களின் கடைசி ஆண்டுகளில் மட்டும் சுமார் 5,000 பேர் செத்தார்கள். இந்தச் சூழலில் கச்சேரி என்பது டிக்கெட் விற்கும் காரியமாக இல்லாமல் உயிருக்குத் துணிந்த காரியமாகியிருந்தது. 1979இல் அவர் ஜெர்மனிக்குப் போனார். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் போனவர்கள்தான் அப்போது அதிகம்.

1980இல் அப்பா இறந்தார். மகனால் வர முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று ஜெனரல் கெனான் எவ்ரென் தலைமையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிறகு வந்த கணக்குகள் தெரிந்தவைதான்: 6,50,000 பேர் காவலில் வைக்கப்பட்டார்கள், 14,000 பேர் குடியுரிமை இழந்தார்கள். அந்த 14,000இல் ஒருவர் கராஜா. 1983 ஜனவரியில் அவர் நாடற்றவரானார். 'யோல்' படத்துக்காக முந்தைய ஆண்டுதான் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியிருந்த இயக்குநர் யில்மாஸ் குனெயும் அந்தச் சமயத்தில் குடியுரிமை இழந்தவர்; அவர் 1984இல் பாரிஸிலேயே இறந்துபோனார்.

ஜெர்மனி வாழ்க்கையைப் பற்றித் துருக்கியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஏக்கம், தனிமை என்று இரண்டு சொல்லில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஆண்டுகள் வேறு மாதிரித் தெரிகின்றன. 1961இல் இரு நாடுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கூலிக்குப் போன துருக்கியர்கள், 1980களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு 15 இலட்சம் பேராகியிருந்தார்கள். வேலை தேவைப்பட்டபோது அழைத்த நாடு, வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் முகம் சுளிக்கத் தொடங்கியது. 1983இன் இறுதியில் ஜெர்மன் சான்சலர் கோலின் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: குறிப்பிட்ட காலத்துக்குள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்பும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 10,500 மார்க் ஊக்கத்தொகை. ஒரு பக்கம் ஊருக்குப் போனால் பணம் தருகிறேன் என்கிற நாடு; மறுபக்கம் ஊருக்கு வந்தால் சிறை என்கிற நாடு. நடுவில் இந்தப் பாடகர்.

அந்த நிலையில் 1984இல் அவர் ஜெர்மன் மொழியிலேயே ஒரு ராக் ஆல்பம் போட்டார். பெயர் 'தி கனாக்கென்'. துருக்கியர்களை ஜெர்மானியர்கள் இழிவாகத் திட்டும் சொல்லைத் தூக்கித் தன் குழுவுக்கே பெயராக வைத்துக்கொண்டார். தொழிலாளர்களை எதிர்பார்த்த இடத்துக்கு மனிதர்கள் வந்துசேர்ந்ததைப் பற்றி சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் ஃப்ரிஷ் சொன்ன புகழ்பெற்ற கூற்றை வைத்து அதில் ஒரு பாட்டு உண்டு. உச்சரிப்பில் அந்நிய வாடை தெளிவாகத் தெரியும். அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. அன்று அது பெரிதாக விற்கவில்லை. ஜெர்மானியருக்கு அது துருக்கிச் சத்தம், துருக்கித் தொழிலாளிக்கோ பழைய சோகப் பாட்டுகள்தான் வேண்டியிருந்தன. அதே சொல்லைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் பிறந்த துருக்கிப் பிள்ளைகள் ராப் பாட்டிலும் நாவலிலும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினார்கள். இன்று குடியேறிகளின் இசை வரலாற்றை எழுதும் ஜெர்மானியர்கள் அந்த ஆல்பத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள்.

பிறகு நடந்ததுதான் சிக்கலானது. இராணுவம் ஒதுங்கி 1983இல் தேர்தல் வந்து துர்குத் ஓசால் பிரதமரானார். சந்தைப் பொருளாதாரக்காரர், இடதுசாரிகளுக்கு ஆகாதவர். 1985இல் அவர் மியூனிக் வந்தபோது கராஜா நேரில் போய்ச் சந்தித்தார். வழி திறந்தது. 1987 ஜூன் 29 அன்று, எட்டு ஆண்டுகள் கழித்து, இஸ்தான்புல் மண்ணில் இறங்கினார். போனபோது கருகருவென்று தலைமுடி, வந்தபோது நரை. சின்னக் குழந்தையாக விட்டுப்போன மகன் பள்ளிக்கூடம் போகும் பையன்.

அரசு மன்னித்துவிட்டது. தோழர்கள் மன்னிக்கவில்லை. ஓசாலிடம் போனதற்காக அவருக்குக் கிடைத்த பட்டம் 'தோனெக்', கட்சி மாறி. சிறையில் அடிபட்டவர்கள், தூக்குமேடைக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள் அதைச் சொன்னால் பதில் சொல்வது கடினம். ஆனால் ஐரோப்பாவில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டும் பலர் அதையே சொன்னார்கள். நாற்பது வயது தாண்டிய ஒரு பாடகர், அப்பனின் அடக்கத்துக்கு வர முடியாதவர், தன் மொழி பேசாத ஊரில் தன் குரல் வீணாவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்பது எந்தக் கொள்கையில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதே சமயம், அந்தச் சந்திப்பால் ஓசாலுக்கு வந்த இலாபம் கொஞ்சமல்ல. நாடு சகஜமாகிவிட்டது, பழைய பகை தீர்ந்தது என்று காட்ட ஒரு பிரபல முகம் கிடைத்தது. அந்த 14,000 பேரில் அத்தனை பேருக்குமா மியூனிக்கில் கைகுலுக்கல் கிடைத்தது?

வந்த கையோடு அதே ஆண்டு வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பே இளைஞர்களுக்கும் என்றும் இளைஞர்களாக இருப்பவர்களுக்கும் ஒரு வணக்கம். வணக்கம் வைக்கப்பட்ட இளைஞர்களுக்கு அவர் யாரென்று சரியாகத் தெரியாது. இராணுவ ஆட்சியில் அரசியல் பேச்சே கேட்காமல் வளர்க்கப்பட்ட தலைமுறை. மோகொல்லார் கிதார்காரர் ஜாஹித் பெர்காய், பழைய தெர்விஷான் கீபோர்டு கலைஞர் ஊர் திக்மென் இருவரோடும் சேர்ந்து 1990இல் அவர் போட்ட ஆல்பத்துக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் தெவ்ஃபிக் ஃபிக்ரெத் ஊழல் அதிகாரிகளை விருந்தில் மொய்க்கும் பெருந்தீனிக்காரர்களாக்கி எழுதிய கவிதையிலிருந்து தலைப்பு எடுத்தார். அப்போது ஓசால் குடியரசுத் தலைவர். அவர் காலத்து ஊழல் கதைகள் நாறிக்கொண்டிருந்தன. கட்சி மாறியவர் செய்யும் வேலையா இது? விமர்சகர்கள் இந்த ஆல்பத்தைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

1990இல் முதல் தனியார் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியாக நுழைந்தது. சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு எஃப்எம் நிலையம். டிஆர்டியின் தணிக்கைக் குழு கலைக்கப்படாமலேயே காணாமல் போனது. யாரையும் ஒளிபரப்பத் தடையில்லை. காசு வந்தால் போதும். 1992இல் வந்த 'ராப்தியே ராப் ராப்', மாறிப்போன நாட்டைக் கிண்டலடிக்கும் துள்ளல் பாட்டு, அந்தப் புதுச் சேனல்களில் ஓயாமல் ஓடியது. பழைய ஆட்கள் கிண்டலைக் கேட்டார்கள், புதிய பிள்ளைகள் துள்ளலைக் கேட்டார்கள். அதே ஆண்டு அம்மா தோத்தோ காலமானார். கடைசி ஆண்டுகளில் கராஜா இறைப்பாட்டுகளும் பாடினார். அதற்கும் ஒரு கூட்டம் முகம் சுளித்தது. தலையில் தொப்பி, நரைத்த தாடி, தொலைக்காட்சியில் கதை சொல்லும் பெரியவர் என்று அவர் உருவமே மாறிவிட்டது.

2004 பிப்ரவரி 8 அன்று இஸ்தான்புல்லில் இறந்தார், 58 வயது. கராஜாஅஹ்மெத் இடுகாட்டில் அடக்கம். அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பாரிஷ் அகார்சு என்ற இளைஞர் கராஜாவின் 'இஸ்லாக் இஸ்லாக்' பாட்டையே தன் முதல் ஆல்பத்துக்குத் தலைப்பாக வைத்தார். அது நாடெங்கும் பிய்த்துக்கொண்டு போனது. கராஜாவின் பெயரை அந்தப் பையன் மூலமாகக் கேள்விப்பட்டவர்கள் ஒரு தலைமுறை அளவுக்கு உண்டு.

அவரோடு கூட வந்தவர்களின் கதியைப் பார்த்தால் இந்த மாற்றம் இன்னும் விளங்கும். பாரிஷ் மான்சோ அரசியலைத் தொடாமல், டிஆர்டியில் பத்தாண்டு குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தி வீட்டுக்கு வீடு செல்லப்பிள்ளையானார். 1999இல் இறந்தபோது நாடே தெருவில் நின்றது. செல்தா பாஜான் நாட்டைவிட்டுப் போகவில்லை. 1980களில் மூன்றுமுறை சிறை, கடவுச்சீட்டும் பறிமுதல். அவருடைய 1976 ஆல்பத்தை 2006இல் ஓர் ஆங்கிலேய நிறுவனம் மறுவெளியீடு செய்ய, அமெரிக்க ராப் பாடகர் மோஸ் டெஃப் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டில் கோத்தார். ஆம்ஸ்டர்டாமில் 2016இல் தொடங்கிய அல்தின் குன் என்ற குழு இந்த இசையை வைத்தே கிராமி பரிந்துரைவரை போனது. கராஜாவுக்கு அந்த வெளிநாட்டு அலை இந்த அளவுக்கு வாய்க்கவில்லை. காரணம் எளிது. செல்தாவின் கிதாரும், அதே தலைமுறை ராக் கலைஞர் எர்கின் கொராயின் மின் சாஸும் மொழி தெரியாதவனையும் ஆட்டிவைக்கும். கராஜாவின் பலம் சொல்லில் இருக்கிறது. துருக்கி தெரியாதவனுக்குப் பாதிதான் போய்ச் சேரும். ஆகவே அவர் உள்ளூர்ச் சொத்தாகவே நின்றார், உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு பங்கு பிரித்துக்கொண்டார்கள். காதல் பாட்டு ஒருவருக்கு, இறைப்பாட்டு ஒருவருக்கு, ததாலோலு தேசியவாதிக்கு, மெக்கானிக் பையன் எல்லாருக்கும். கேட்பவனை வம்புக்கு இழுக்கும் பாட்டுகள் தொகுப்புகளில் பின்பக்கம் தள்ளப்பட்டன. சாஃபினாஸை முழுதாகக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். பழைய 45 தட்டுகளைத் தேடி கடிகோயின் அக்மார் வணிக வளாகத்துப் பழைய கடைகளுக்கு வருபவர்களில் பாதிப்பேர் தட்டு வந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்கள்.

ஒரு பாட்டைத் தவிர. மே தினப் பாட்டைப் பங்கு போட இன்னும் யாரும் முன்வரவில்லை. 1981இல் இராணுவ அரசு நிறுத்திய மே 1 விடுமுறை 2009இல் தொழிலாளர் தினமாகவே திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில், 1951இல் குடியுரிமை பறிக்கப்பட்டு 1963இல் மாஸ்கோவில் இறந்த கவிஞர் நாசிம் ஹிக்மெத்துக்கும் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கராஜா அவருடைய கவிதையையும் பாடியிருக்கிறார். 2010 முதல் மூன்று ஆண்டுகள் தக்சிம் சதுக்கத்திலேயே மே தினம் நடந்தது, பாட்டும் அங்கே முழங்கியது. 2013 முதல் சதுக்கம் மறுபடி மூடப்பட்டது. அந்தத் தடை உரிமை மீறல் என்று 2023இல் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2024 மே 1 அன்று, கராஜா படம் வந்த அதே ஆண்டு, சதுக்கத்துக்குப் போக இஸ்தான்புல்லின் சராச்ஹானே பகுதியில் கூடியவர்களைப் போலீஸ் பழைய நகரக் குடிநீர்க் கால்வாயின் வளைவுகளுக்குக் கீழேயே தடுப்பு போட்டு மறித்தது. 200க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டுபோனார்கள்.